முழங்காலின் காலி எடை

என் பெரிய அத்தைக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவள் ஏழாம் மாதத்திலேயே போய்விட்டாள். அடுத்தவர் கப்பலுக்குச் சமையல்காரராகப் போய் அங்கேயே கிழவரானவர். மூன்றாவதும் நான்காவதும் இரட்டைப் பெண்கள், ஒருத்திக்குக் காது கேட்காது, இன்னொருத்திக்கு வாய் மூடாது. கடைக்குட்டிதான் நான் சொல்ல வந்த ஆள். எனக்கு மச்சான் முறை. வயதில் என்னைவிட நான்கு மாதம் சின்னவன், அதனால் வா போ என்றுதான் பழக்கம்.

அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லாரிக்காரர்கள் கிலோ என்றார்கள். அதுவே சொந்தக்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவன் பெண்சாதிகூடக் கோபம் வந்தால், "கிலோ சார் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புறீங்களா?" என்பாள்.

முப்பத்தெட்டு வருஷம் எடை மேடையில் இருந்தவன். தரையோடு தரையாக நீளமாக ஓர் இரும்புத் தட்டு, பக்கத்தில் நான்கு இரும்புப் படி வைத்த சின்ன அறை, அறையில் ஒரு ஜன்னல். லாரி தட்டின்மேல் ஏறி நிற்கும். அறைக்குள் இருக்கும் பெட்டி எண்ணைக் காட்டும், சீட்டு அடிக்கும். வண்டி வெறுமனே வரும்போது ஒரு தரம் எடை போட வேண்டும். அது காலி எடை. சரக்கை ஏற்றிக்கொண்டு வரும்போது இன்னொரு தரம். அது மொத்த எடை. மொத்தத்தில் காலியைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இவ்வளவுதான் தொழில். ஆனால் உலகத்தில் உள்ள திருட்டெல்லாம் அந்தக் கழித்தலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பான் கிலோ.

நானும் லாரி ஓட்டியவன்தான். ஒரு நாள் காலி எடை போட்ட பிறகு, பட்டறையில் விட்டிருந்த ஸ்டெப்னி டயரை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டேன். சத்தியமாக மறதியில் செய்தது. சரக்கோடு திரும்பி வந்து நின்றால், இவன் படியிறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மச்சான், காலையில ஸ்டெப்னி இல்லையே. இப்ப எங்கிருந்து முளைச்சுது?"

"அட, மறந்துட்டேன்டா. சீட்டுல ஒரு நாப்பது கிலோ திருத்திக் குடு, போயிடறேன்."

"விழுந்த சீட்டைத் திருத்த மாட்டேன். சரக்கை இறக்கு, முதல்ல இருந்து மறு எடை போடுறேன்."

"நான் உன் மாமன் மகன்டா!"

"மாமாவே வந்தாலும் இறக்கித்தான் ஆகணும்."

இறக்கினேன். அரை நாள் போயிற்று. அன்றைக்கு நான் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது.

அவனுக்கு மகள் பிறந்தபோது, தாதி குழந்தையைத் துண்டோடு தராசில் வைத்து எடையைச் சொன்னாள். பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன் இவன் கேட்ட முதல் கேள்வி, "துண்டுக்கு எவ்வளவு கழிச்சீங்க?" அந்தத் தாதி பார்த்த பார்வையை என் தங்கை முறைக்காரி, அதாவது அவன் பெண்சாதி, இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

இப்படிப்பட்டவனுக்கு முழங்கால் போயிற்று.

ஒவ்வொரு லாரிக்கும் அந்த நான்கு படியை இறங்க வேண்டும். சக்கரம் எல்லாம் தட்டுக்குள் இருக்கிறதா, ஓட்டுநர் இறங்கிவிட்டாரா, ஓரத்தில் எவனாவது ஒரு காலை ஊன்றி நிற்கிறானா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது வண்டி வரும். இறங்கும்போது எப்போதும் வலது காலைத்தான் முதலில் வைப்பான். ஐம்பது வயதில் வலது முழங்கால் முனக ஆரம்பித்தது. அறுபதில் அலறியது. வேலையை விட்டு நின்றபோது கால் வில்லாக வளைந்திருந்தது. உள்பக்கத்தில் குருத்தெலும்பு மொத்தமாகத் தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதாக எக்ஸ்ரேயைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஒன்பது எட்டு, ஜன்னலிலிருந்து கழிவறைக்குப் பதினொன்று. சமையலறை நிலைச்சட்டத்தில் அவன் பிடித்துப் பிடித்தே இடுப்பு உயரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் போய், மரம் பளபளவென்று தெரியும். கூடத்தில் பாதி இடத்தைத் தங்கையின் தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. காற்சட்டைகளுக்கு நீளம் குறைப்பது அவள் தொழில். அவள் காலால் மிதிக்க மிதிக்க, இவன் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என் காலையே ஏன் பாக்கறீங்க? கண்ணு வைக்காதீங்க."

"எவ்வளவு சுளுவா மடங்குதுன்னு பாக்கறேன்."

"எனக்கும் போயிட்டா ரெண்டு பேரும் ஜன்னலைப் பங்கு போட்டுக்கலாம்."

பதினான்கு மாதம் அவன் கீழே இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருவில் போகும் லாரிகளின் முதுகு தெரியும். எந்த வண்டி எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்று, சக்கரத்துக்கு மேலே உள்ள வில்பட்டை அமுங்கியிருப்பதை வைத்துச் சொல்லுவான். நான் போனால் அதுதான் பேச்சு. விடியற்காலையில் கட்டிலைவிட்டு எழும்போது மட்டும் பேச்சு இருக்காது. பல்லைக் கடித்துக்கொள்வான், கண்ணில் நீர் தானாக வழியும். "ஜலதோஷம்," என்பான்.

படி இறங்க முடிந்த காலத்திலேயே, மூட்டு மாற்று அறுவை செய்யலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அவனுக்கு இருதயம் பலவீனம், இருதய டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தால் திரும்பி எழுவது உறுதியில்லை என்றார். அந்தக் கதவும் சாத்தப்பட்டது. கடைசியில்தான் யாரோ வலி டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார்கள்.

போக வேண்டும் என்றால் முதலில் கீழே இறங்க வேண்டுமே. தரைத்தளத்தில் மெத்தைக்கடை இருந்தது. அங்கே சுமை தூக்கும் அண்ணன் தம்பி இருவர் ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் அவனை உட்காரவைத்துத் துணியால் கட்டித் தூக்கினார்கள். நான் பின்னால் அவனுடைய கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"எத்தனை கிலோ அண்ணே இருப்பீங்க?" என்று முன்னால் போனவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"காலி எடையா, நாற்காலியோட சேர்த்தா?"

அவர்கள் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடிற்று. இவன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். வாழ்நாள் முழுக்கச் சுமையைப் பார்த்தவன், தானே சுமையாகத் தொங்கிக்கொண்டு இறங்கினான்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, பொறுமைசாலி. எக்ஸ்ரேயைப் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஐயா, முழங்காலைச் சுத்தி மெல்லிசா சில நரம்பு இருக்கு. உள்ள வலிக்குதுன்னு மூளைக்குச் சேதி சொல்றது அதுங்கதான். அதுல மூணு நரம்பை, ஊசி முனையில சூடு குடுத்துச் சுட்டுடுவோம். சேதி போகாது, வலி தெரியாது. முழு மயக்கம் வேண்டாம், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சாப் போதும். உங்க இருதயத்துக்கு அதிகத் தொந்தரவு இல்லை."

"அப்ப மூட்டு சரியாயிடுமா?"

"ஆகாது. தேஞ்சது தேஞ்சதுதான். வலிதான் குறையும். நரம்பும் மெதுவா மறுபடி வளரும். ஆறு மாசம், ஒரு வருஷம், சிலருக்கு அதுக்கு மேல. வளர்ந்தா திரும்ப வலிக்கும், திரும்பச் சுடலாம்."

அதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. அதே இடங்களில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் ஊசியால் போடுவார்கள். அது சில மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் நடந்து, ஏறி, இறங்கிப் பார்த்து, வலி எவ்வளவு என்று மணிக்கொரு தரம் எண்ணால் எழுத வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்கவே முடியாது என்றால் பத்து. ஊசிக்கு முன் இருந்த வலி பாதிக்கு மேல் குறைந்தால்தான் சுடுவார்கள். குறையவில்லை என்றால் அந்த நரம்பைச் சுட்டுப் பிரயோஜனம் இல்லை.

"இப்ப நடக்கும்போது எவ்வளவு ஐயா?" என்று காகிதத்தை எடுத்தார்.

மச்சான் எழுந்து நான்கு எட்டு நடந்தான். நின்றான். உதட்டை அசைத்து ஏதோ கணக்குப் போட்டான்.

"அஞ்சு," என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை அந்த நேரம் மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். ஆம்பிளை வீம்பு, பொம்பளை டாக்டர் முன்னால் குறைத்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

ஊசி போட்ட நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. காலை பத்து மணிக்குப் போட்டார்கள். அரை மணி கழித்து எழுந்து நின்றான். ஒரு எட்டு வைத்தான். இன்னொன்று. திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நான் அவனுடைய கல்யாணத்தன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் மெத்தைக்கடை அண்ணன் தம்பி நாற்காலியோடு தயாராக நின்றார்கள்.

"உள்ள வெய்யுங்க அதை," என்றான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி, ஐம்பத்து நான்கு படியும் ஏறினான். இருதயத்துக்காக நிறுத்தினானே தவிரக் காலுக்காக நிறுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டான். தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தினாள், "அண்ணே, அங்க பாருங்க, முடிவெட்டற கடையில உக்காந்திருக்காரு உங்க மச்சான்!" அங்கிருந்து வந்து, தெருவில் நின்றிருந்த ஒரு லாரியின் டயரைக் கையால் தட்டிப் பார்த்தான். மேலே வந்தான். மூன்று மணிக்கு மறுபடி இறங்கினான், சும்மா.

மணிக்கு ஒரு தரம் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதினான். தங்கை எட்டிப் பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் மூன்று. கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். முதலில் ஐந்து என்று சொன்னது அவளுக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு மருந்தின் வீரியம் இறங்கிற்று. ஆறு மணிக்குக் கட்டில்.

அடுத்த வாரம் நாற்காலியில் இறக்கிக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"அஞ்சு மூணா ஆயிருக்கு. பாதிகூடக் குறையலையே ஐயா. இதை வெச்சு நான் நரம்பைச் சுட முடியாது. சுட்டாலும் உங்களுக்குப் பெரிசா உதவாது. வேற வழி பாக்கலாம்."

மச்சான் தடியை ஊன்றி எழுந்தான். கும்பிட்டான். வெளியே வந்ததும் தங்கை, "இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன்," என்றாள்.

"என்னத்தக் கேக்கறது? சீட்டு விழுந்தாச்சு."

எத்தனை ஓட்டுநர்கள் அவன் ஜன்னலுக்குக் கீழே நின்று கெஞ்சியிருப்பார்கள். அத்தனை பேருக்கும் அவன் சொன்ன பதில் அதுதான். இப்போது அது அவனுக்கே விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வருவதையும் விட்டான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தான். ஒன்பது எட்டும் பதினொரு எட்டும்கூட அவனுக்குத் தொலைவாகிவிட்டன. லாரி போனால் எத்தனை டன் என்று நான் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றான். அந்த வீட்டில் எனக்கே மூச்சு முட்டிற்று. மிஷின் ஓடும் சத்தம், அவன் புரளும்போது கட்டில் முனகும் சத்தம், வேறொன்றும் இல்லை.

மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு மத்தியானம் வெடித்துவிட்டேன்.

"ஏன்டா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அன்னிக்கு ரெண்டு தரம் ஐம்பத்து நாலு படி ஏறி இறங்கின. அது மூணுன்னா, இப்ப கழிவறைக்குப் போக உசுரு போகுதே, இது எப்படிடா வெறும் அஞ்சு?"

"வெறும் அஞ்சு இல்லை. ஒம்பது இருக்கும்."

மிஷின் நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் தங்கை.

"மொத்தம் ஒம்பது. அதுல நாலு என்னோடது. ஐம்பது வயசுல இருந்து கூடவே இருக்கு. அது வண்டியோட எடை. அதைக் கழிச்சுத்தான சொல்லணும்? மீதி அஞ்சுதான் புதுசா ஏறின சரக்கு."

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரி," என்றேன், நிதானமாக. "ஊசிக்கு அப்புறம் மூணுன்னு எழுதினியே, அது நாலைக் கழிச்சா?"

"அன்னிக்குக் காலி எடையே காணாமப் போச்சே. மொத்தமாவே மூணுதான் இருந்துது. இல்லாததை எப்படிக் கழிக்கிறது?"

தங்கை கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவன்மேல் வீசினாள்.

"நாலு உங்களோடதா! இத்தனை வருஷமா அதுக்கும் சேர்த்தா நான் சோறு வடிச்சேன்? ஒரு தரமாவது சொன்னீங்களா? அந்தம்மா கேட்டது மொத்த எடையை! ஒம்பது மூணாச்சுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க தெருவுல நடந்துட்டிருப்பீங்க!"

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். உதடு அசைந்தது. ஒன்பது, மூன்று. கண் விரிந்தது. பிறகு மறுபடி சுருங்கிவிட்டது.

"வாங்க, இப்பவே போன் போட்டுச் சொல்லலாம். அஞ்சு இல்ல, ஒம்பதுன்னு," என்றாள்.

"மாட்டேன்."

"என்ன மாட்டீங்க?"

"சுடமாட்டேன்னு அவங்க சொன்ன பிறகு, நான் போய் எண்ணை ஏத்திச் சொன்னா என்ன நினைப்பாங்க? காரியம் ஆகணும்னு பொய் சொல்றான்னுதான். நான் அவங்க இடத்துல இருந்தா அப்படித்தான் நினைப்பேன். ஜன்னலுக்கு வந்து, 'அண்ணே, அது தப்பு, இதுதான் சரி'ன்னு சொன்ன ஒருத்தனையும் நான் நம்பினதில்லை."

"இங்கயே கிடந்து சாவீங்களா?"

"விழுந்த சீட்டைத் திருத்தற ஆள் நான் இல்லை."

அவள் அழுதுகொண்டே சமையலறைக்குள் போனாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிற்று. அந்தக் கோபத்தில்தான் அந்தப் பழைய ஸ்டெப்னி ஞாபகத்துக்கு வந்தது.

"கிலோ," என்றேன். அவனை அப்படி நான் கூப்பிட்டதே இல்லை. "காலி எடைக்கு ஸ்டெப்னி இல்லாம வந்தேன், மொத்த எடைக்கு ஸ்டெப்னியோட வந்தேன். அப்ப நீ என்ன பண்ணின?"

அவன் போர்வையை இழுத்து முழங்காலை மூடினான்.

"சொல்லுடா. ஒரு தரம் ஒரு கணக்கு, இன்னொரு தரம் வேற கணக்கு. அந்தச் சீட்டு செல்லுமா?"

"செல்லாது."

"திருத்தினியா?"

"இல்லை."

"பின்ன?"

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மறு எடை."

"சரக்கை இறக்குன்னு என்னை அரை நாள் வெயில்ல நிக்க வெச்ச இல்ல? இப்ப நீ இறங்கு."

அவன் இறங்கினான், அதே நாற்காலியில். அந்தத் தரம் மாடி வளைவில் முழங்கால் சுவரில் இடித்து, அவன் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடிக் கதவுகள் திறந்தன. டாக்டரம்மாவின் அறையில் அவன் உட்காரக்கூட இல்லை.

"டாக்டரம்மா, போன தரம் நான் எடை போட்டது தப்பு. அந்தக் காகிதத்தைத் திருத்த வேண்டாம், கிழிச்சும் போட வேண்டாம். அது என் தப்புக்குச் சாட்சியா இருக்கட்டும். எனக்கு மறுபடி ஊசி போட்டுப் பாருங்க. முதல்ல இருந்து சொல்றேன்." காலி எடையைக் கழித்த கதையையும் ஒளிக்காமல் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, அந்த நாலை இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதே இல்லையா?"

"கேட்டதில்லை யாரும்."

"இப்ப நான் கேக்கறேன். எவ்வளவு?"

"ஒம்பது. மொத்த எடை."

இரண்டாவது சோதனையிலும் மூன்று, மூன்று, மூன்று. நான்காம் மணிக்கு இரண்டு. அடுத்த வாரம் சுட்டார்கள். எக்ஸ்ரேத் திரையைப் பார்த்துப் பார்த்து மூன்று இடத்தில் ஊசி இறக்கினார்கள். அவன் விழித்துக்கொண்டேதான் இருந்தான். முதல் பத்து நாள் காந்தியது, வீங்கியது. ஏமாந்துவிட்டோமோ என்று தங்கை முகம் தொங்கிப்போயிற்று. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கட்டிலைவிட்டு எழுந்தான், ஜலதோஷம் இல்லை.

அதன் பிறகு தினமும் இறங்கினான். பெரிதாக எங்கும் போகவில்லை, அவன் இருதயம் அதற்கு விடாது. முடிவெட்டும் கடை, தெருமுனை, திரும்பி வீடு. ஒரு நாள் என்னோடு வண்டியில் எடை மேடை வரைக்கும் வந்தான். அறையைப் பூட்டியிருந்தார்கள். இப்போது எல்லாம் கேமரா, ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு வருகிறது. நான்கு படியையும் ஏறிப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினான். இடது காலை முதலில் வைத்து.

மெத்தைக்கடைக்காரர்கள் அந்த நாற்காலியை விறகுக்குப் போடலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மாடிப்படிக்கு அடியில், துணியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பான்.

நரம்பைச் சுட்டுப் பதினொன்றாம் மாதம். நானும் அவனும் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். முப்பத்தோராவது படியில் நின்றான். அங்கே வளைவு இல்லை, மூச்சு வாங்க நிற்கிற இடமும் இல்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது.

"மூச்சா?" என்றேன்.

"இல்லை."

கீழே மெத்தைக்கடையில் யாரோ எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் காது கொடுத்தோம். நாற்காலி இல்லை, வேறு ஏதோ.

"எவ்வளவு?"

"நாலு."

"கழிச்சா?"

"இல்லடா," என்றான். "மொத்தமா." வலது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான். "அவகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். டாக்டரம்மாவுக்குப் போன் போடச் சொல்றேன். ஏறு, பின்னாடி நின்னுக்கிட்டு வேடிக்கை பாக்காத."

இன்னும் இருபத்து மூன்று படி இருந்தது.